பதினேழு நாள் மழை

சில்வெஸ்டருக்கு ஒரு பெருமை இருந்தது. வீடு போய், நாடு போய், ஜெர்மனியில் டோர்ட்மண்டில் அகதிகள் விடுதியான ஹைமின் மூன்றாம் மாடியில் ஒரு அறையும், வேறு ஐந்து குடும்பத்தோடு பங்கு போட்டுச் சமைக்கிற குசினியும் மட்டும் மிஞ்சிய பிறகும் அந்தப் பெருமை போகவில்லை. மன்னார் மாவட்டத்து முதிரையடிக்குளத்தில் பத்தொன்பது வருசம் மழை அளந்தவர் அவர், நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆள். காலை எட்டரைக்குக் குளக்கட்டில் இருக்கிற மழைமானியைத் திறந்து, உள்ளே நிற்கிற தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குந்தியிருந்து கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து எழுதுவார். பெய்யாத நாளில் பூச்சியம் என்று எழுதுவார். காய்ச்சலோடும் எழுதினார். கலியாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தோடு போய் எழுதிவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தார். "பத்தொன்பது வரியத்தில ஒரு கட்டமும் நான் வெறுமையா விட்டதில்லை" என்று ஹைமில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் சொல்வார். கேட்கிறவனுக்கு அதில் என்ன வந்தது? அவனவன் தன் அன்ட்ராக் என்ன ஆயிற்றோ என்று தலையைப் பிய்த்துக்கொண்டு திரிகிறான்.

அன்ட்ராக் என்று எல்லோரும் சொல்வது தஞ்சம் கேட்டுக் கொடுக்கிற விண்ணப்பத்தை. சில்வெஸ்டரும் மனைவி ஞானமலரும் எண்பத்தைந்தில் கொடுத்தது, எண்பத்தேழில் இல்லை என்று திரும்பி வந்தது. எண்பத்து நாலாம் ஆண்டு மார்கழியில், டிசெம்பர் பதினைந்தாம் திகதி காலை, மழைமானியைப் பார்க்க நடந்து போனவரை ஆமி பிடித்து, முப்பது மைல் தள்ளிக் கரையோரத்து முகாம் ஒன்றில் பதினேழு நாள் வைத்து அடித்தது என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு கடதாசியும் இல்லையே, எப்படி நம்புவது என்று பதிலில் கேட்டிருந்தார்கள். அடிக்கிறவன் பற்றுச்சீட்டுத் தருகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறதோ தெரியவில்லை. வழக்குப் போட்டார்கள். எண்பத்தெட்டுக் கார்த்திகைக்கு நீதிமன்றத்தில் டெர்மின், அதாவது விசாரணைத் தவணை, கிடைத்தது. "அந்தப் பதினேழு நாளும் நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள் என்று காட்ட ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று வக்கீல் அம்மா கையை விரித்துவிட்டார்.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் வத்சலா வந்தாள். தமிழ்நாட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். அதே நகரத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தாள். வெப்பமண்டலத் தீவுகளில் மாதாமாதம் எங்கே மழை, எங்கே வரட்சி என்று கணக்கெடுத்து, வரைபடத்தில் மழைக்கு நீலமும் வரட்சிக்குப் பழுப்பும் தீட்டுவது அவள் பாடு. மற்றத் தீவுகள் எப்படியோ, இலங்கை அவளுக்குத் தலையிடியாக இருந்தது. மழை அளக்கிற இடங்களின் பெயர்களை வெள்ளைக்காரன் காலத்தில் வாய்க்கு வந்தபடி எழுதி வைத்திருந்தார்கள். எது எந்த ஊர் என்று கேட்க, பெயர்ப் பட்டியலோடு ஹைமுக்கு வந்தவளை எல்லோரும் சேர்ந்து சில்வெஸ்டரிடம் தள்ளிவிட்டார்கள். மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். நாற்பத்திரண்டாவது பெயரில் விரல் நின்றது.

"பிள்ளை, இது நான்" என்றார்.

"உங்க ஸ்டேஷனா சார் இது?" வத்சலா எழுந்தே நின்றுவிட்டாள். "அந்தப் பக்கம் முழுக்க ஒரு நாள்கூட மிஸ் ஆகாத ஸ்டேஷன் இது ஒண்ணுதான். மத்த ஸ்டேஷன்ல சந்தேகம் வந்தா உங்க டேட்டாவ வச்சுத்தான் சார் செக் பண்றேன்."

அன்றைக்கு சில்வெஸ்டரின் கால் நிலத்தில் படவில்லை. தான் குந்தியிருந்து எழுதிய இலக்கங்கள் தனக்கு முந்தி ஜெர்மனிக்கு வந்து மரியாதையாக இருக்கின்றன என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிறையாது? அதன் பிறகு வியாழக்கிழமை தோறும் அவளுடைய கூடத்துக்குப் போய் ஊர்களை அடையாளம் காட்டிக் கொடுத்தார். வேலை செய்ய அகதிக்கு அனுமதியில்லை, ஆகவே அது வேலையில்லை. ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

ஞானமலருக்கு இந்த வியாழக்கிழமைகள் பிடிக்கவில்லை. மழைக் கணக்கு என்றாலே அவளுக்கு வயிறு எரியும். காரணம் அவளுடைய தங்கை புஷ்பமலர். அவரை ஆமி பிடித்த மாரியில் முதிரையடியில் மழை பெய்யாமல் வயல் கருகிப் போனது. பக்கத்துக் குளத்து ஊர்களுக்கெல்லாம் மாவட்டக் கச்சேரி அலுவலகம் வரட்சி நிவாரணமாக அரிசி கொடுத்தபோது முதிரையடிக்கு மட்டும் இல்லையென்றுவிட்டார்கள். உங்கள் குளத்தில் மார்கழியில் மழை பெய்ததாக எழுத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தன் புருசன் முகாமில் கிடந்த நாளுக்கு எவனோ கிளாக்கர் எழுதி வைத்தான் என்பது அவள் முடிவு. அறுபத்து நாலு குடும்பம். புஷ்பமலரின் புருசன் யோசப் பிள்ளைகளுக்குச் சோறு போட வழியில்லாமல் திருகோணமலைப் பக்கம் றோட்டு வேலைக்குப் போனான். பங்குனியில் போனவன் போனவன்தான். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை.

"மழை பெய்தெண்டு எழுதின அந்தக் கை புழுத்துப் போகும்" என்று ஞானமலர் வெங்காயம் வெட்டும்போதும் சொல்வாள், செபமாலையை எடுத்துவைத்த கையோடும் சொல்வாள். தங்கையிடமிருந்து கடிதம் வருகிற கிழமையில் கேட்கவே வேண்டாம்.

"கச்சேரிக் கிளாக்கர்மார் அப்பிடித்தான் ஞானம். ஏதும் பிழையாக் கூட்டியிருப்பாங்கள்" என்று சில்வெஸ்டரும் சேர்ந்து ஒத்து ஊதுவார். அப்படித்தான் அவர் நம்பியும் இருந்தார்.

புரட்டாதியில் ஒரு வியாழக்கிழமை வத்சலா மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தாள். எண்பத்து நாலு மார்கழி மாதத்து வரைபடம். வடக்கே கரையோரத்தில் கொஞ்சம் நீலம், உள்ளே எல்லாம் பழுப்பு. அந்தப் பழுப்புக்கு நடுவில் சட்டையில் மை கொட்டியது போல ஒரு நீலப் பொட்டு.

"உங்க குளத்துல மட்டும் எப்படி சார் மழை? பதினஞ்சாம் தேதிக்கு மேல நூத்திப் பதினெட்டு மில்லிமீட்டர். சுத்தி ஒன்பது ஸ்டேஷன் இருக்கு, ஒண்ணுலகூட ஒரு சொட்டு இல்ல."

சில்வெஸ்டர் அந்தப் பொட்டைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவியும் பார்த்தார்.

நடந்தது இதுதான். முப்பத்தோராம் திகதி காலையில் அவரை முகாமிலிருந்து விட்டார்கள். பதினேழு நாளும் முகாம் வாசலில் காத்துக் கிடந்த ஞானமலர், தான் தங்கியிருந்த கன்னியர் மடத்துக்கு அவரைத் தாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாள் அவள் குசினியில் ஒத்தடத்துக்குச் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு நின்ற நேரம், திணைக்களத்துக் கிளாக்கர் தங்கராசா பார்க்க வந்தான். வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை, மார்கழி மாத மழைப் படிவத்தையும் கொண்டுவந்தான். "அண்ணை, உங்கடது மட்டும்தான் இன்னும் வரேல்லை. பதினைஞ்சிலயிருந்து வெறுமையா விட்டு அனுப்பட்டோ?" என்றான்.

வெறுமையாகவா? சில்வெஸ்டரின் படிவமா? முதல் பதினாலு நாள் கணக்கு சட்டைப்பைக் கொப்பியில் இருந்தது. மிச்சத்தை அவர் காதால் எழுதினார். முகாமில் அவரை அடைத்து வைத்த இடத்துக்குத் தகரக் கூரை. பத்தொன்பது வருசம் மழையோடு குடித்தனம் நடத்திய காது அது. தகரத்தில் விழுகிற சத்தத்தையும், கூரைப் பீலி நிரம்பி வாளிக்குள் விழத் தொடங்க எடுத்த நேரத்தையும் கேட்டு, இது எட்டு மில்லிமீற்றர், இது இருபத்தைந்து என்று மனத்துக்குள் எழுதி வைத்திருந்தார். ஒரு அடிக்கும் மற்ற அடிக்கும் இடையில் அவருக்கு விசர் பிடிக்காமல் காத்தது அந்தக் கணக்குத்தான். இங்கே பெய்தால் முப்பது மைலுக்கு அங்காலேயும் பெய்திருக்கும் என்று நினைத்தார். பதினேழு கட்டத்தையும் நிரப்பி ஒப்பம் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் கொழும்புக்கு ரயில் ஏறினார்கள். குளத்தை அவர் பிறகு கண்ணால் காணவே இல்லை. நிவாரணக் கதை கடிதத்தில் வந்தபோதும், தன் கணக்குச் சரி, கச்சேரியில்தான் கூட்டிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார்.

"எங்கட குளத்தில இடைக்கிடை தனி மழை பெய்யிறது பிள்ளை" என்றார் வத்சலாவிடம். கோப்பியையும் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டார்.

ஹைமில் ஞானமலர் புட்டு அவித்து வைத்திருந்தாள். தங்கையின் கடிதம் வந்திருந்தது. மூத்தவன் படிப்பை நிறுத்திவிட்டானாம். "அதை எழுதின கை" என்று அவள் தொடங்க, சில்வெஸ்டர் புட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"ஏன், சாப்பிடேல்லையோ?"

"பசியில்லை ஞானம்."

பாவி மனுசன் ஒரு கிழமை முழுக்கப் பிணம் மாதிரித் திரிந்தார். எழுதினது தான்தான் என்று தெரிந்த பிறகு அந்த இலக்கங்களை வத்சலாவின் படத்தில் விட்டுவைக்கவும் அவருக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை போய்க் கதிரையில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னார்.

வத்சலாவுக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? "ரெண்டு வருஷ வேலை சார் இது. உங்க நம்பரை நம்பி மத்த ஸ்டேஷன்காரங்க நம்பரைத் தப்புன்னு தூக்கிப் போட்டிருக்கேன். தெரியலன்னா தெரியலன்னு விட்டிருக்கலாம் இல்ல? காலி கட்டம் இருந்தா எங்களுக்கு அதுக்கு வழி இருக்கு. பொய்யா ஒரு நம்பர் இருந்தா வழியே இல்ல."

சில்வெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவள் யன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"அந்த முகாம் எந்த ஊர் பக்கம்?"

சொன்னார். அவள் அலுமாரியைத் திறந்து கரையோரத்து மழைநிலையத்தின் தாளை எடுத்து, அவருடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பதினைந்தாம் திகதியிலிருந்து விரலை இறக்கிக்கொண்டு வந்தாள். கரையில் மழை பெய்த ஆறு நாளும் அவருடைய தாளிலும் மழை. பெய்யாத பதினொரு நாளும் பூச்சியம். இருபத்து நாலாம் திகதி, நத்தாருக்கு முதல் நாள், கரையில் முப்பத்தொன்று. அவர் எழுதியிருந்தது முப்பது.

"அடிபட்டுப் படுத்துக்கிட்டு, கூரைச் சத்தத்தைக் கேட்டு முப்பதுன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இத கோர்ட்ல குடுத்தா போதும். அந்தப் பதினேழு நாளும் நீங்க எங்க இருந்தீங்கங்கிறதுக்கு இதவிட என்ன ப்ரூஃப் வேணும்? குளத்துல இருந்திருந்தா பூஜ்யம்னுதான் எழுதியிருப்பீங்க."

கேட்ட வரம் கையில் கிடைத்த மாதிரித்தான். ஆனால் சில்வெஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதைக் குடுத்தால் ஞானத்துக்குத் தெரிஞ்சுபோகும் பிள்ளை." நிவாரணத்தையும் யோசப்பையும் பற்றிச் சொன்னார்.

வத்சலா இரண்டு தாளையும் சேர்த்து அடுக்கி வைத்தாள். பிறகு, "நான் மழையைப் பத்தி மட்டும்தான் எழுதுவேன். மத்தது நீங்க ஆன்ட்டிகிட்ட பேச வேண்டியது. கோர்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க சார்" என்றாள்.

சொல்ல நினைத்தார். ஒரு நாள் ஞானமலரைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், குளிர் என்று அவள் திரும்பிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியில் வாயெடுத்தார், அதற்குள் யாரோ வந்து கதை கொடுத்துவிட்டார்கள். காரணமா கிடைக்காது? பத்தொன்பது வருசம் ஒரு நாள் தவறாமல் எழுதின மனுசனுக்கு, ஐந்து கிழமையாக ஒரு வசனம் வாயில் வரவில்லை. "டெர்மினுக்கு நான் மட்டும் போனால் காணும்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். "ஏன், என்ர பேரிலயும்தானே கேஸ்" என்று ஞானமலர் சேலையை மடித்து எடுத்து வைத்தாள்.

நீதிமன்றத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நீதிபதி இருந்தார். மொழிபெயர்க்க அன்ரன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன் வந்திருந்தான். ஒரு சொல் விடாமல் தெளிவாகச் சொல்லுகிறவன் என்று அவனுக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் சில்வெஸ்டருக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. வத்சலா எழுதிக் கொடுத்ததை நீதிபதி வாசித்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தானே ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். பின்வரிசை வாங்கில் ஞானமலர் இருந்தாள். அன்ரன் தமிழில் சொல்லச் சொல்ல அவள் அசைகிற சத்தம் நின்றுபோனதை சில்வெஸ்டர் கேட்டார். நல்ல காது அல்லவா.

"அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதினதாக நீங்களே சொல்லுறியள். அப்படியான ஒருவரை நான் ஏன் நம்பவேணும் எண்டு நீதிபதி கேக்கிறா" என்றான் அன்ரன்.

"என்னை நம்பவேண்டாம். மழையைப் பாருங்கோ எண்டு சொல்லும் தம்பி."

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி வந்தது. "அப்படி எழுதினதால உங்களுக்கு ஏதும் லாபம் வந்ததோ எண்டு கேக்கிறா."

இல்லை என்றுவிட்டு இருந்திருக்கலாம். கேட்டது அவ்வளவுதான். வக்கீல் அம்மாவும் தலையை ஆட்டி, போதும் என்று கண்ணால் காட்டினார். சில்வெஸ்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"லாபமில்லை. நட்டம். எங்கட குளத்து அறுபத்து நாலு குடும்பத்துக்கும் நான் எழுதினதாலதான் நிவாரணம் கிடைக்கேல்லை. எனக்கு அது போன புரட்டாதியிலதான் தெரியும். என்ர மச்சாளின்ர புருசன் அதாலதான் வேலை தேடிப் போனவர். திரும்பி வரேல்லை. இவ்வளவும் எழுதச் சொல்லும்."

அன்ரன் ஒரு சொல் விடாமல் சொன்னான். பின்னால் ஞானமலர் அழவில்லை. கதவு திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ரயிலில் அவள் எதிர்ப்பக்க ஆசனத்தில் இருந்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சில்வெஸ்டர் யன்னலைப் பார்க்கவே இல்லை. டோர்ட்மண்ட் வருகிறதற்கு ஒரு தரிப்பு முந்தி அவள் வாய் திறந்தாள்.

"மூண்டு வரியமா நான் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டு இருந்தியளே."

"அப்ப தெரியாது ஞானம்."

"புரட்டாதியில தெரியும்."

வீட்டில் அவள் சமைத்தாள், கோப்பையில் போட்டு வைத்தாள், துணி தோய்த்தாள். திட்டு மட்டும் அடியோடு நின்றுபோனது. குசினியில் வெங்காயம் வெட்டும்போது ஒரு சத்தமும் இல்லை. அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டாவது இருக்கலாம் போல அவருக்கு இருந்தது.

தையில் தபால் வந்தது. தஞ்சம் கிடைத்துவிட்டது, இரண்டு பேருக்கும். மூன்றாம் மாடி முழுக்க வந்து கையைப் பிடித்துக் குலுக்கியது. யாரோ கேக் வெட்டினார்கள். "சில்வெஸ்டர் அண்ணைக்கு மழையே சாட்சி சொன்னதாம்" என்று ஹைம் எல்லாம் கதை பரவியது. வத்சலா ஓடி வந்து ஞானமலரைக் கட்டிப்பிடித்தாள். ஞானமலரும் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு மேசையைத் துடைத்தாள். இலாச்சியிலிருந்து ஒரு விமானக் கடிதத்தாளை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். மேலே விலாசம் ஏற்கெனவே அவள் கையெழுத்தில் இருந்தது. புஷ்பமலர், முதிரையடிக்குளம்.

"இஞ்சருங்கோ. எங்களுக்கு விசா கிடைச்சதெண்டு அவளுக்கு நான் எப்பிடி எழுதுறது? எப்பிடிக் கிடைச்சதெண்டு கேப்பாள்."

"என்னத்தை எழுதச் சொல்லுறாய்?"

"உங்கட கையாலயே எழுதுங்கோ. ஒரு இடமும் வெறுமையா விடாமல் எழுதுங்கோ." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

சில்வெஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வழக்கம் போல முதலில் திகதியை எழுதினார். பேனை வெகுநேரம் அங்கேயே நின்றது. குசினியில் கோப்பைகள் கழுவுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தாளை நேராக்கி வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

"அன்புள்ள புஷ்பம், எங்கட குளத்தில அந்த மார்கழி மழை பெய்தெண்டு எழுதினது நான்தான்."